கீமோ எடுக்கும் குழந்தைக்கு ராத்திரியில் காய்ச்சல்... காலை வரை ஏன் காத்திருக்கக் கூடாது?

இரவு 11 மணி. திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு. அங்கே ஒரு வீட்டில் ஐந்து வயதுக் குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. சாயங்காலம் வரை வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைதான். தெர்மாமீட்டர் 100.8 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது.

"சாதா ஜுரம்தான். மாத்திரை குடுத்துப் படுக்க வை. வேர்த்தா விட்டுடும், காலைல பாத்துக்கலாம்" என்கிறார் பாட்டி.

மற்றக் குழந்தைகள் என்றால் பெரும்பாலும் பாட்டி சொல்வது சரிதான். ஆனால் இந்தக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். ஒன்பது நாளைக்கு முன்புதான் கீமோதெரபி மருந்து ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறது. அதனால் 100.8 என்பது இங்கே மாரடைப்பு, பாம்புக்கடி வரிசையில் வரும் அவசரம். மருத்துவர்கள் இதை 'ஃபீப்ரைல் நியூட்ரோபீனியா' என்கிறார்கள். நியூட்ரோபில் என்ற வெள்ளணு அடியோடு குறைந்துபோன நேரத்தில் வரும் காய்ச்சல்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயைக் குணப்படுத்த முடியும் என்பது இன்று பலருக்கும் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள். ஏழை, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் இது 30 சதவீதத்துக்கும் கீழே. இந்த இடைவெளிக்கு அந்த நிறுவனம் சொல்லும் காரணங்களில், நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, சிகிச்சையைப் பாதியில் விடுவது ஆகியவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: சிகிச்சையின் பக்கவிளைவால் வரும் மரணம். அதில் பெரும் பங்கு கிருமித் தொற்றுக்கு. அதாவது, கேன்சர் மருந்துக்குக் கட்டுப்பட்டுக்கொண்டே வரும்; குழந்தையைக் கொண்டுபோவது ஒரு ராத்திரிக் காய்ச்சலாக இருக்கும்.

ரத்தத்தில் என்ன நடக்கிறது?

நியூட்ரோபில்கள் உடம்பின் முதல்கட்டக் காவலர்கள். பாக்டீரியா எங்கே நுழைந்தாலும் முதலில் போய் நிற்பவை இவைதான். ஆனால் ஆயுள் ரொம்பக் குறைவு. ரத்தத்தில் சுற்றுவது ஒரு நாளுக்கும் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைக் குறிவைப்பவை. புற்றுநோய் செல்லும் வேகமாகப் பெருகுகிறது, மஜ்ஜையும் வேகமாகப் பெருகுகிறது. மருந்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, நியூட்ரோபில் உற்பத்தி நின்றுபோகிறது. பல மருந்துகளில், ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் இந்த எண்ணிக்கை தரைதட்டும். குழந்தை ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்து, 'அப்பாடா' என்று எல்லோரும் மூச்சு விடும் நாட்கள் பெரும்பாலும் இவைதான்.

அதே சமயம் குடலின் உட்சுவரும் மருந்தால் புண்ணாகியிருக்கும். ஈ.கோலி, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் வழக்கமாகக் குடலுக்குள் அடங்கிக் கிடப்பவை. சுவரில் ஓட்டை விழுந்ததும் ரத்தத்துக்குள் இறங்கிவிடும். எனவே 'வெளியில் எங்கேயும் கூட்டிட்டுப் போகலையே, எப்படி இன்ஃபெக்‌ஷன் வந்துச்சு?' என்று தாய் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. கிருமி பல நேரம் குழந்தையின் வயிற்றிலிருந்தே வருகிறது. மருந்து ஏற்ற நெஞ்சிலோ கையிலோ வைத்திருக்கும் குழாய் இன்னொரு வழி. குழாயில் மருந்து தள்ளிய சிறிது நேரத்தில் குழந்தை நடுங்கினால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில் இருந்தால் இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்த வெள்ளணு எண்ணிக்கையை நியூட்ரோபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். மொத்த வெள்ளணு 1,800, நியூட்ரோபில் 20 சதவீதம் என்றால் 360. (சீட்டில் 'பேண்ட்' என்று தனியாக ஒரு சதவீதம் இருந்தால் அதையும் நியூட்ரோபிலோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.) சாதாரணமாக இது 1,500-க்கு மேல் இருக்கும். 500-க்குக் கீழே போனாலோ, அடுத்த இரண்டு நாளில் போகும் என்று தெரிந்தாலோ ஆபத்துக் கோடு. 100-க்குக் கீழே என்றால் காவலே இல்லாத வீடு.

காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறி இல்லையே, ஏன்?

குடும்பங்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இது. சீழ் என்பது பெரும்பகுதி செத்த நியூட்ரோபில்தான். தொற்று இருக்கும் இடம் வீங்குவது, சிவப்பது, எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளைத் திட்டு தெரிவது எல்லாமே வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சண்டை போடுவதன் அடையாளங்கள். சண்டை போட ஆளே இல்லாதபோது அடையாளமும் இருக்காது. ரத்தம் முழுக்கக் கிருமி பரவிக்கொண்டிருக்கும்போதும் குழந்தை பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். காய்ச்சல் ஒன்றுதான் உடம்பால் கொடுக்க முடிகிற சத்தம்.

அந்தச் சத்தத்தையும் அடக்கிவிடுவது பாராசிட்டமால். மாத்திரை கொடுத்ததும் சூடு குறையும், வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள். கிருமிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 'டாக்டரைக் கேட்காமல் ஜுர மாத்திரை கொடுக்காதீங்க' என்று கேன்சர் வார்டு நர்ஸ்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ரத்தப் புற்றுநோய் சிகிச்சையின் முதல் கட்டத்தில் பல வாரங்களுக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். ஸ்டீராய்டு காய்ச்சலையே மறைத்துவிடும். அந்த நாட்களில் சூடே இல்லாமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ, வயிறு ரொம்ப வலிக்கிறது என்றாலோ, கை கால் சில்லிட்டாலோ, வெகு நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலோ காய்ச்சல் வந்ததாகவே எண்ணிக் கிளம்ப வேண்டும்.

ரிசல்ட் வரும்வரை ஏன் பொறுப்பதில்லை?

1966-ல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு போடியும் சக மருத்துவர்களும் தீவிர ரத்தப் புற்றுநோய் இருந்த 52 பேரின் ரத்த எண்ணிக்கையையும் அவர்களுக்கு வந்த தொற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நியூட்ரோபில் குறையக் குறையத் தொற்று கூடியது. எவ்வளவு நாள் குறைந்திருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்தும் ஏறியது. இன்று மருத்துவர்கள் பயன்படுத்தும் 500, 100 போன்ற கோடுகளின் வேர் அந்த ஆய்வில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் வழக்கம் என்ன? ரத்தத்தை கல்ச்சருக்கு அனுப்பி, எந்தக் கிருமி என்று தெரிந்த பிறகு அதற்கேற்ற மருந்து. கேட்பதற்கு நியாயமான வழிதான். ஆனால் கல்ச்சரில் கிருமி வளர ஒன்றிரண்டு நாள் ஆகும். நோயாளிகள் அதற்குள் இறந்துபோனார்கள். 1971-ல் ஸ்டீபன் ஷிம்ப்ஃப் குழு, காய்ச்சல் வந்ததுமே, கிருமி தெரியாத நிலையிலேயே இரண்டு ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்துக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டது. 'முதலில் மருந்து, பிறகு பெயர்' என்ற முறை அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது.

இன்றைக்கும் அப்படித்தான். காய்ச்சலோடு வரும் குழந்தைகளில் ரத்தத்தில் கிருமி கிடைப்பது நான்கில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோதான். அந்த ஒருவர் யார் என்று வாசலில் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லோருக்கும் ஊசி. வீட்டில் உட்கார்ந்து 'போன தடவையும் இப்படித்தான் ஓடினோம், ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க' என்று நினைப்பது இயல்பு. போன தடவை ஒன்றுமில்லாமல் போனது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் இல்லை.

அந்த ஒரு மணி நேரம் எங்கே தொடங்குகிறது?

புற்றுநோய் மையங்களில் இதற்கு ஒரு இலக்கு உண்டு: குழந்தை வாசலுக்குள் வந்த 60 நிமிடத்துக்குள் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் நரம்பு வழியாக ஏறிவிட வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. 60 என்ற எண்ணே மந்திரம் என்று யாரும் சொல்லவில்லை. 59-க்கும் 70-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று மருத்துவர்களுக்குள்ளேயே விவாதம் நடக்கிறது. ஆனால் மணிக்கணக்கில் தாமதமானால் ரத்த அழுத்தம் விழுந்து குழந்தை அதிர்ச்சி நிலைக்குப் போகலாம் என்பதில் விவாதம் இல்லை. காலையில் விளையாடிய குழந்தை இரவில் வென்டிலேட்டரில் இருக்கும் அளவுக்கு இது வேகமானது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கடிகாரம் ஆஸ்பத்திரி வாசலில் ஓடத் தொடங்குகிறது. நெல்லிவாசல்நாட்டுக் குழந்தைக்கு அது வீட்டுத் திண்ணையிலேயே ஓடத் தொடங்கிவிட்டது.

'நாடு' என்பது இங்கே மலைக் கிராமங்களின் தொகுப்பு. திருப்பத்தூர் பக்க ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று ஊராட்சிகள். வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். (பெயரைப் பார்த்துக் கேரளத்தை நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர்கள், மலைக்காரர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ்.) சாமையும் புளியும் தேனும் இந்த மலையின் அடையாளங்கள். விளைச்சல் இல்லாத மாதங்களில் பெற்றோர் வேலை தேடி வெளியூர் போவதும் வழக்கம். அப்போது தெர்மாமீட்டர் பாட்டி கையில்.

மலையிலிருந்து இறங்க வளைவுகள் நிறைந்த காட்டுச் சாலை. பெரிய மருத்துவமனை என்றால் முதலில் திருப்பத்தூர் அரசு மருத்துவமனை. குழந்தைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் வேலூர் சி.எம்.சி, திருப்பத்தூரிலிருந்து இன்னும் சுமார் 85 கிலோமீட்டர். சென்னையில் அடையாறு புற்றுநோய் மையத்திலோ எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலோ சிகிச்சை எடுக்கும் குழந்தை என்றால் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். ராத்திரியில் பஸ் கிடையாது. 108-க்குப் போன் போட வேண்டுமென்றால் சில இடங்களில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏற வேண்டும்.

இந்தத் தூரம் எப்படிக் கொல்லும் என்பதை ஜவ்வாது மலை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலைக் கிராமம் ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஒழுங்கான சாலை இல்லாததால் குழந்தை உரிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை. பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு ஆம்புலன்ஸ் மலைக்கு மேலே ஏற முடியாமல் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி நடந்தே ஊர் திரும்பினார். அந்தக் காட்சி நாடு முழுக்கப் பேசப்பட்டது.

பாம்புக்கடியில் எல்லோருக்கும் அவசரம் புரிகிறது. கடித்த தடம் தெரியும், குழந்தை அலறும், ஊரே கூடும். இந்தக் காய்ச்சலில் அப்படி எதுவும் நடக்காது. குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

முதல் ஊசியைக் கீழேயே போட்டால்?

புற்றுநோய் மையத்துக்குப் போய்த்தான் முதல் டோஸ் என்றால், மலைக் குழந்தைக்கு அது எந்தக் காலத்திலும் ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்காது. எனவே வழி ஒன்றுதான். வழியில் முதலில் வரும், 24 மணி நேரமும் திறந்திருக்கும், குழந்தைக்கு நரம்பில் ஊசி போடத் தெரிந்த மருத்துவமனையில் முதல் டோஸ். பிறகு வேலூரோ சென்னையோ. பிரிட்டனில் இதையே ஒரு அமைப்பாக வைத்திருக்கிறார்கள். பெரிய புற்றுநோய் மையம் சிகிச்சைத் திட்டத்தை வகுக்கும்; வீட்டுக்கு அருகில் உள்ள மருத்துவமனை காய்ச்சல், ரத்தம் ஏற்றுவது போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும். யார் எதற்குப் பொறுப்பு என்பது காய்ச்சல் வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும்.

நம் ஊரில் இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. தேவை ஒரு கடிதம். குழந்தையின் நோய் என்ன, கடைசியாக எந்தத் தேதியில் என்ன மருந்து ஏறியது, குழாய் இருக்கிறதா, எந்த மருந்துக்கு அலர்ஜி, எடை எவ்வளவு, காய்ச்சல் என்றால் எந்த ஆன்டிபயாடிக் எத்தனை மில்லிகிராம், யாருக்குப் போன் செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது இந்த ஒற்றைத் தாளைக் கேட்டு வாங்கி, போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நள்ளிரவில் கேஷுவாலிட்டியில் இருக்கும் இளம் மருத்துவர் தன் பணிக்காலத்தில் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்தே இருக்காமலும் போகலாம். "சாதா வைரல் ஃபீவர் மாதிரி இருக்கு, சிரப் தர்றேன்" என்று அவர் சொல்வதற்கும் உடனே ஊசி எடுப்பதற்கும் நடுவில் இருப்பது அந்தத் தாள்தான்.

எந்த மருந்து என்பதைக் கடிதத்தில் எழுத வேண்டியதற்கு இந்தியாவில் தனிக் காரணம் இருக்கிறது. இங்கே ஈ.கோலி, கிளெப்சியெல்லா கிருமிகள் செஃப்ட்ரியாக்சோன் போன்ற பரவலான ஊசிகளுக்குப் பெருமளவில் அடங்குவதில்லை என்று ஐ.சி.எம்.ஆர் கண்காணிப்பு அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லிவருகின்றன. சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு செஃப்ட்ரியாக்சோன் வேலையே செய்யாது. அதனால்தான் பெரிய மையங்கள் செஃபிபீம், பைப்பராசிலின்-டேசோபாக்டம் போன்றவற்றில் தொடங்குகின்றன. குழந்தை மோசமாக இருந்தால் மெரோபெனம் வரை போகின்றன. தாலுகா அளவில் ராத்திரி இரண்டு மணிக்கு இவை அலமாரியில் இருக்குமா என்பதுதான் நியாயமான கேள்வி. அதைக் காய்ச்சல் வரும் ராத்திரியில் கேட்டுப் பிரயோஜனமில்லை. குழந்தை ஊர் திரும்பும் வாரத்திலேயே புற்றுநோய் மையம் உள்ளூர் மருத்துவமனைக்கு ஒரு போன் செய்து கேட்டிருக்க வேண்டும். சிறந்த மருந்து இல்லாவிட்டால் இருக்கும் மருந்தில் தொடங்கலாமா என்பதையும் அந்த மையமே கடிதத்தில் எழுதித் தர வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் கையில்

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. பொதுவாக ஒரு தடவை 101 டிகிரி, அல்லது ஒரு மணி நேரம் 100.4 டிகிரியிலேயே நின்றால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்வார்கள். தூரத்தில் இருப்பவர்கள் எந்த எண்ணில் கிளம்ப வேண்டும் என்று தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அக்குளில் வைத்தால் அளவு கொஞ்சம் குறைத்துக் காட்டும். ஆசனவாயில் மட்டும் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது. அங்கே ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமிக்குக் கதவு திறந்தது மாதிரி. அதே காரணத்துக்காக எனிமாவும் கூடாது. ரத்தத் தட்டணுவும் குறைந்திருக்கும் நேரம் என்பதால் பக்கத்து கிளினிக்கில் இடுப்பில் போடும் ஊசியும் வேண்டாம்.

சாப்பாட்டில் பயப்பட வேண்டிய அளவுக்கு ஒன்றுமில்லை. காய்ச்சிய தண்ணீர், சூடாக அப்போது சமைத்த சாதம், கழுவிய கை. 'இதைத் தொடாதே, அதைத் தின்னாதே' என்று நீளும் பட்டியல்கள் தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. குழந்தை மெலிந்துபோவதுதான் மிச்சம்.

எல்லாக் காய்ச்சலும் வாரக்கணக்கில் படுக்க வைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 2009-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆபத்து குறைவு என்று பிரிக்கப்பட்ட குழந்தைகளுக்கு வெளிநோயாளியாகவே வாய்வழி மாத்திரை கொடுத்தாலும் ஊசிக்கு நிகரான பலன் கிடைத்தது. கல்ச்சரில் கிருமி வராமல், 24 மணி நேரம் காய்ச்சலும் இல்லாமல், எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் 48 மணி நேரத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்துவதைச் சர்வதேச வழிகாட்டுதல்களும் ஏற்கின்றன. நான்கு நாள் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை என்றால் பூஞ்சைத் தொற்றைத் தேடுவார்கள். ஆனால் ஆபத்து குறைவா அதிகமா என்று பிரிப்பது, குழந்தையை நேரில் பார்த்து ரத்தம் எடுத்த பிறகு நடக்கும் வேலை. அதை வீட்டில் செய்ய முடியாது. அதிலும், எய்ம்ஸ் முறை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கியிருப்பவர்களுக்குப் பொருந்துவது போல மலைமேல் இருப்பவருக்குப் பொருந்தாது.

ஆகவே சில குடும்பங்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் யோசனை, எண்ணிக்கை தரைதட்டும் வாரங்களில் ஊருக்கே போக வேண்டாம், ஆஸ்பத்திரி அருகிலேயே தங்குங்கள் என்பது. மும்பையில் 2006-ல் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் போன்ற அமைப்புகள் சென்னை உட்படப் பல நகரங்களில் இப்படி வெளியூர்க் குடும்பங்களுக்கு இலவச இடம் தருகின்றன. ரத்தப் புற்றுநோய் சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டு ஓடும். வீட்டில் இன்னொரு குழந்தை, ஆடு மாடு, சாமை அறுவடை என்று இருக்கும் குடும்பம் எத்தனை மாதம் அப்படித் தங்கும்? ஒரு கட்டத்தில் ஊருக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்தக் கட்டத்துக்குத்தான் கடிதமும் தெர்மாமீட்டரும், ராத்திரியில் எழுப்பினால் வண்டி எடுக்கச் சம்மதித்த ஒருவரின் போன் நம்பரும்.

நெல்லிவாசல்நாட்டில் நாம் கற்பனை செய்த அந்தக் குழந்தைக்கு வருவோம். 11 மணிக்குக் காய்ச்சல். 11.20-க்குப் பக்கத்து வீட்டு வண்டி கிளம்புகிறது. போகிற வழியிலேயே சிக்னல் கிடைத்த இடத்தில் அம்மா புற்றுநோய் வார்டுக்குப் போன் போடுகிறார்; வார்டிலிருந்து திருப்பத்தூருக்குப் போன் போகிறது. ஒரு மணியளவில் கேஷுவாலிட்டி. கடிதத்தைப் பார்த்த மருத்துவர் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு ஊசியைத் தொடங்கிவிடுகிறார். விடிவதற்குள் ஆம்புலன்ஸ் வேலூர் போய்ச் சேர்கிறது. அங்கே டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "முதல் டோஸ் எத்தனை மணிக்குப் போட்டாங்க?"